வெள்ளிடைமலைன்னா வெள்ளை மலையும் இல்ல, வெள்ளி மலையும் இல்ல

கேள்வி இதுதான். ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு பரீட்சைல 'வெள்ளிடைமலை, சொற்றொடரில் அமைத்து எழுதுக'ன்னு வந்திருக்கு. பாப்பா 'எங்கள் வீட்டு மாடியில் இருந்து தெரியும் சேர்வராயன் மலை ஒரு வெள்ளிடைமலை'ன்னு எழுதிருக்கு. டீச்சர் சிவப்பு மைல அடிச்சு பூஜ்யம் போட்டுட்டாங்க. வீடு சேலம் அஸ்தம்பட்டி, மாடிக்கு போனா மலை தெரியத்தான செய்யுது, அப்ப என்ன தப்புன்னு அப்பா கேக்கறார். கூடவே இங்கிலீஷ்ல ட்ரூயிசம்னு சொல்றாங்களே, சொல்லவே தேவையில்லாத உண்மை, அதுக்கு தமிழ் வார்த்தை இதுதானான்னும் கேட்டிருக்கார்.

கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க. நான் தமிழ் வாத்தியார் கெடயாது. சேலம் கோர்ட் பக்கத்துல இருபத்தஞ்சு வருசமா ஜாப் டைப்பிங், மொதல்ல ரெமிங்டன் மெஷின், அப்பறம் கம்ப்யூட்டர். வாழ்க்கைல நான் வெள்ளிடைமலைன்னு அடிச்ச அளவுக்கு சேலத்துல வேற யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க, அது மட்டும் கேரண்டி. வக்கீலுங்களுக்கு அவ்வளவு பிடிச்ச வார்த்தை அது.

மொதல்ல வார்த்தைய பிரிச்சிருவோம், ஏன்னா பாதி கொழப்பம் அங்கதான். நம்ம ஊர்ல வெள்ளின்னு காதுல விழுந்தாலே கொலுசு ஞாபகம்தான் வரும், செவ்வாய்ப்பேட்டை பக்கம் வளந்தவனுக்கு கேக்கவே வேணாம், அதனால நெறைய பேரு இத வெள்ளி-டை-மலைன்னு மனசுக்குள்ள ஒடச்சு வெச்சிருக்காங்க. எங்கிட்ட டைப்பிங் கத்துக்க வந்த ஒரு பையன் 'ஏண்ணா, கல்வராயன்ல வெள்ளிமலைன்னு ஒரு ஊரு இருக்கே, அதுவா'ன்னு கேட்டான். இன்னொருத்தன் அதுக்கும் மேல, வெள்ளி கட்டுன இடுப்புன்னான். இதுல சேலத்துக்காரனுக்குன்னு தனியா ஒரு கொழப்பம் வேற உண்டு. மாமாங்கம் பக்கம் மேக்னசைட் வெட்டற எடம் தெரியும்ல, ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன்னுதான் பேரு, அந்தப் பக்கமெல்லாம் மண்ணு கல்லு எல்லாம் வெள்ள வெளேர்னு கெடக்கும், அத பாத்து வளந்தவன் வெள்ளிடைமலைன்னா வெள்ளையா இருக்கற மலைன்னு நெனைக்கறது சகஜந்தான். நானே ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்.

அது அப்படி இல்ல. வெள் + இடை = வெள்ளிடை. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்'னு நன்னூல் விதி, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, கல்+எறி கல்லெறி ஆகற மாதிரி, வெள்+ஆடு வெள்ளாடு ஆகற மாதிரி. வெள்ளிங்கற வார்த்தையே உள்ள இல்ல.

அடுத்து வெள்ன்னா என்ன. வெள்ளைங்கறது ஒரு அர்த்தம், வெள்ளாடு வெள்ளெருக்கு மாதிரி. இன்னொன்னு இருக்கு, ஒன்னும் இல்லாதது, வெறுசா கெடக்கறது. புது தேர் செஞ்சா மொதல்ல சாமி இல்லாம சும்மா இழுத்து பாப்பாங்க, அதுக்கு வெள்ளோட்டம்னு பேரு. எழுதாத ஓலை வெள்ளோலை. சரக்கு இல்லாத அறிவு வெள்ளறிவு. திருக்குறள்லயே 844-ல 'வெண்மை எனப்படுவது யாதெனின்'னு ஆரம்பிச்சு, எல்லாம் எனக்கு தெரியும்ங்கற செருக்குதான் வெண்மைன்னு வருது, அங்க வெண்மைன்னா கலர் இல்ல, மண்டைல ஒன்னும் இல்லாத நெலம. அதே வெள்தான் வெளி, வெளிச்சம் எல்லாத்துலயும் ஓடுது. அப்ப வெள்ளிடைன்னா நடுவுல ஒன்னும் இல்லாத வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கு அந்தாண்ட நிக்கற மலை வெள்ளிடைமலை. மரம் இல்ல, வீடு இல்ல, மறைக்க எதுவும் இல்ல, நிமுந்து பாத்தா மலை, அவ்வளவுதான். அகராதிலயும் இதான் போட்டிருக்கும், வெட்டவெளில இருக்கற மலை மாதிரி தெளிவா வெளங்கறதுன்னு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க, எனக்கு இது புரியறதுக்கே ரொம்ப வருசம் ஆச்சு. அந்த வார்த்தைல முக்கியமான உறுப்பு மலை கெடயாது. இடைதான். மலை எவ்வளவு பெருசுன்னு அந்த வார்த்தை சொல்லவே இல்ல, உங்களுக்கும் மலைக்கும் நடுவுல ஒன்னும் இல்லன்னுதான் சொல்லுது. எங்கூர் சொல்லுல கரடுன்னு ஒன்னு உண்டு, மலைன்னு சொல்லவும் முடியாத சின்ன பாறைக் குன்று. நடுவுல காலியா இருந்தா கரடு கூட பளிச்சுனு தெரியும். நடுவுல நாலு மாடி கல்யாண மண்டபம் வந்துட்டா அஞ்சாயிரம் அடி மலையும் தெரியாது, வேணும்னா அஸ்தம்பட்டில புதுசா பில்டிங் வந்த தெருவுல இருக்கறவங்கள கேட்டு பாருங்க.

இப்ப பாப்பா எழுதுனது. நேரடி அர்த்தத்துல பாத்தா அது தப்பே கெடயாது. சேலத்துக்கு வடக்க நகரமலை, தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை, கெழக்க கோதுமலை, வடகெழக்குல சேர்வராயன், நடுவுல சட்டி மாதிரி ஊரு. சைலம்ங்கற சொல்லுதான் சேலம் ஆச்சுன்னு கூட ஒரு வெளக்கம் சொல்லுவாங்க, சைலம்னா மலை. இந்த ஊர்ல நின்னுட்டு ஒரு புள்ள சேர்வராயன வெள்ளிடைமலைன்னு சொன்னா, அந்த உவமை பொறந்த காட்சியவே அது கண்ணால பாத்து சொல்லுது. ஆனா பரீட்சைல கேட்டது உவமைய. உவமையோட வேலை இன்னொன்ன காட்டறது. மலையவே காட்ட மலைன்னு சொன்னா அங்க உவமைக்கு வேலை இல்ல. 'இந்த நெல்லிக்கா உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரி இருக்கு'ன்னு சொன்னா எப்படி இருக்கும், அதான். டீச்சர் பக்கமும் நாயம் இருக்கு. பூஜ்யம் போட்டது மட்டும் எனக்கு கொஞ்சம் ஓவரா தெரியுது, பக்கத்துல ரெண்டு வார்த்தை எழுதி வெளக்கியிருக்கலாம்.

வார்த்தைய எப்படி பயன்படுத்தறதுன்னா, பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசிலதான் வரும். '...என்பது வெள்ளிடைமலை.' முடிஞ்சுது. போல சேத்தும் எழுதுவாங்க, 'வெள்ளிடைமலை போல் விளங்குகிறது'ன்னு. 'வெள்ளிடைமலையாகத் தெரிகிறது'ன்னும் வரும். ஆனா 'வெள்ளிடைமலையான உண்மை'ன்னு எழுதுனா காதுல நெருடும், நான் அடிக்கறப்பவே வக்கீல்கிட்ட கேட்டு மாத்திருவேன். சேத்து எழுதறதா பிரிச்சு எழுதறதான்னு சண்டை போடறவங்களும் இருக்காங்க, நான் சேத்துதான் அடிப்பேன்.

பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க, இதையும் பாப்பாகிட்ட சொல்லுங்க. பழைய பஸ் ஸ்டாண்ட்ல நின்னுட்டு 'அந்த கண்டக்டர் சில்லரை தர மாட்டான்ங்கறது வெள்ளிடைமலைங்க'ன்னு சொன்னா பக்கத்துல இருக்கறவன் ஒரு மாதிரி பாப்பான். பேச்சுல நாம 'பச்சையா தெரியுது', 'அதுல என்ன சந்தேகம்', 'இத சொல்லணுமாக்கும்'னுதான் சொல்லுவோம். வெள்ளிடைமலை மேடைக்கும் தலையங்கத்துக்கும் மனுவுக்கும் உள்ள வார்த்தை.

அதுக்கு ஒரு காரணமும் இருக்கு, இத நான் டைப் அடிச்சு அடிச்சே கண்டுபிடிச்சேன். நெசமாவே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு யாரும் இந்த வார்த்தைய போட மாட்டாங்க. சூரியன் கெழக்க உதிக்கறது வெள்ளிடைமலைன்னு யாராச்சும் எழுதி பாத்திருக்கீங்களா? எதிர்ல ஒருத்தன் இல்லன்னு சொல்லணும், இல்ல கண்ண மூடிக்கிட்டு இருக்கணும், அப்பதான் இந்தாண்ட இருக்கறவன் வெள்ளிடைமலைன்னு குதிப்பான். 'பிரதிவாதி வேண்டுமென்றே காலம் கடத்துகிறார் என்பது வெள்ளிடைமலை', 'ஆளுங்கட்சியின் உள்நோக்கம் வெள்ளிடைமலை', இப்படித்தான் வரும். அதாவது தெளிவா இருக்குன்னு சொல்லற வார்த்தை, சண்டை நடக்கற எடத்துலதான் பொழங்குது.

அது எப்படி கால வாரும்ங்கறதுக்கு ஒரு கேஸ் சொல்றேன். பேரு ஊரு எதுவும் வேணாம், குப்பனூர் தாண்டி மலையடிவாரத்துல ஒரு கிராமம்னு வெச்சுக்குங்க. பத்து பன்னெண்டு குடும்பம் காட்டுக்கு போக ஒரு வண்டித்தடம், தாத்தா காலத்துலேந்து போறாங்க. நெலத்த புதுசா வாங்குனவர் ஒருத்தர் தடத்த சேத்து உழுதுட்டார். கேஸ் போட வந்தாங்க. சின்ன வயசு வக்கீல், தமிழ் ஆர்வம் ஜாஸ்தி, அவர் சொல்ல சொல்ல நான் அடிச்சேன், 'மேற்படி வண்டிப்பாதை பன்னெடுங்காலமாக உபயோகத்தில் இருந்து வருவது வெள்ளிடைமலை'. அவரோட சீனியர் வாங்கி படிச்சார். மூக்கு கண்ணாடிய கீழ எறக்கி 'ஏம்பா, வெள்ளிடைமலைன்னா அப்பறம் எதுக்கு சாட்சி விசாரிக்கணும், எதுக்கு கோர்ட்டுக்கு வரணும், நேரா ஊட்டுக்கு போயிரலாமே'ன்னார். அந்த வரிய எடுக்க சொன்னார். சின்னவர் 'ஊர்ல யார கேட்டாலும் சொல்லுவாங்க சார்'னு பிடிவாதமா வெச்சுட்டார்.

கோர்ட்டுல வக்கீல் கமிஷனர் போட்டாங்க, எடத்த நேர்ல பாத்து ரிப்போர்ட் குடுக்க. அவர் போன நேரத்துல அங்க குச்சிக்கெழங்கு ஆளுயரத்துக்கு மேல நிக்குது. (வெளியூர்க்காரங்களுக்கு மரவள்ளி. எங்கூர்ல குச்சிக்கெழங்குதான், சேகோ ஃபேக்டரிக்கு போறது.) இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் ஆள் நிக்கறதே தெரியாது. ஊர்க்காரங்க பத்து பேரு சுத்தி நின்னுகிட்டு 'இதோ இங்கதான் சார் தடம், இப்படியே நேரா போகும்'னு கைய நீட்டறாங்க, அவங்க கண்ணுக்கு தடம் தெரியுது, கமிஷனர் கண்ணுக்கு பச்சை எலை மட்டுந்தான் தெரியுது. 'பார்வையிட்ட சமயம் பாதை ஏதும் காணப்படவில்லை'ன்னு ரிப்போர்ட். அந்த வரியவும் நாந்தான் அடிச்சேன், அது வேற கொடுமை.

அந்த மனுசர் பொய் எழுதல. ஊர்க்காரங்களும் பொய் சொல்லல. இடை காலியா இல்ல, அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா, 'வெள்ளிடைமலைன்னு மனுவுல போட்டிருக்கீங்களே, எங்க மலை'ன்னு கேட்டு மொத்த கோர்ட்டும் சிரிச்சிருச்சு. அப்பறம் அறுவடை முடிஞ்சு திரும்ப ஒரு தடவ பாக்கணும்னு மனு போட்டு, சர்வேயரையும் புலப்படத்தையும் (நெல அளவு வரைபடம்) வெச்சு அளந்து, கெழங்கு புடுங்குன காட்டுக்கு நடுவுல ஒரு சுமைதாங்கிக் கல்லு நிக்கறத பாத்தாங்க. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு படுக்க வெச்சது. தலைச்சுமையோட நடந்து போறவன் எறக்கி வெக்கறதுக்குதான அத நடுவாங்க, ஆளே போகாத வெள்ளாமை காட்டுக்குள்ள அத யாரும் நட மாட்டாங்க. அந்தக் கல்லுதான் கேஸ திருப்புச்சு. ஆனா அதுக்குள்ள ரெண்டு வருசம் போயிருச்சு.

சட்டத்துலயும் வெள்ளிடைமலைக்கு ஒரு எடம் இருக்குங்க, ஆனா ரொம்ப சின்ன எடம். கோர்ட்டு தானாவே கவனத்துல எடுத்துக்க வேண்டிய விஷயத்த யாரும் நிரூபிக்க வேணாம்னு 1872 சாட்சியச் சட்டத்துல 56-வது பிரிவு, எதெல்லாம்னு 57-ல பட்டியல். 2024 ஜூலை 1-லேந்து புது சட்டம் வந்துருச்சு, பாரதிய சாக்ஷிய அதினியம், அதுல 51, 52. நாட்டோட சட்டம், காலக் கணக்கு, உலகத்தோட நெலப் பிரிவு, ரோட்டுல எந்தப் பக்கம் போகணும்ங்கற விதி, இந்த மாதிரி. எதிராளி ஒத்துகிட்டதையும் நிரூபிக்க வேணாம், அது தனி பிரிவு. குப்பனூர் பக்கத்து வண்டித்தடம் எந்தப் பட்டியல்லயும் வராது. ஊருக்கே தெரியும்ங்கறதும் கோர்ட்டுக்கு தெரியும்ங்கறதும் ஒன்னு இல்ல.

இதே குடும்பத்துல வேற வார்த்தைங்க இருக்கு, ஒன்னுக்கு பதிலா ஒன்ன போட்டுடறாங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோர் படிக்கறவங்க 'உவமையால் விளக்கப்பெறும் பொருள்'னு மனப்பாடம் பண்ணும்போது எல்லாத்துக்கும் பக்கத்துல 'தெளிவு'ன்னு ஒரே விடைய எழுதி வெச்சுடறாங்க, அங்கதான் வெனையே.

உள்ளங்கை நெல்லிக்கனிய எடுத்துக்குங்க. இதுவும் தெளிவுதான், ஆனா வேற தெளிவு. மலை தூரத்துல நிக்கறது, யாரு பாத்தாலும் தெரியும், உங்களோடது இல்ல. நெல்லிக்கனி உங்க கைக்குள்ள இருக்கு. ஏற்காட்டுல ரோட்டோரம் உப்பு மொளகாப்பொடி தூவி நெல்லிக்கா விப்பாங்கல்ல, ஒன்ன வாங்கி உள்ளங்கைல வெச்சு வெயில்ல காட்டி பாருங்க, ஆறு கோடு ஓடறது, தோலுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு பச்சை, திருப்பி திருப்பி எல்லாப் பக்கமும் பாக்கலாம். ஒருத்தர் ஒரு விஷயத்த முழுசா கரைச்சு குடிச்சிருக்கார்னா அவருக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனி. சமஸ்கிருதத்துலயும் இதே உவமை உண்டு, கரதலாமலகம்னு. அதனால 'அவருக்கு இலக்கணம் உள்ளங்கை நெல்லிக்கனி'ன்னு சொல்லலாம், 'அவருக்கு இலக்கணம் வெள்ளிடைமலை'ன்னு சொன்னா இடிக்கும். நெல்லிக்கனின்னதும் தொப்பூர் தாண்டி இருக்கற தகடூர் அதியமான் அவ்வைக்கு குடுத்தது ஞாபகம் வரும், ஆனா இந்த உவமைக்கும் அந்தக் கதைக்கும் முடிச்சு போட்றாதீங்க, அது வேற இது வேற.

வெட்டவெளிச்சம் கிட்டத்தட்ட அதே மாதிரி கேக்கும், ஆனா அதுக்கு ஒரு முன்கதை வேணும். மறைச்சு வெச்சிருந்தது வெளிய வந்தா வெட்டவெளிச்சம் ஆச்சும்போம். வெள்ளிடைமலை 'ஆகறது' இல்ல, அது மொதல்லேந்தே அங்கதான் நிக்குது. கண்கூடுன்னா நானே பாத்தேன்னு அர்த்தம். பட்டவர்த்தனம்னா கூச்சமில்லாம நாலு பேரு பாக்க செய்யறது. அப்பட்டம் எப்பவுமே கெட்டதுக்குதான், அப்பட்டமான பொய்யின்னு சொல்லுவோம், அப்பட்டமான அன்புன்னு சொல்ல மாட்டோம். வெளிப்படை கொஞ்சம் பழைய வீட்டு வார்த்தை, நன்னூல்ல குறிப்பா பொருள் தர்ற சொல்லையெல்லாம் அடுக்கிட்டு கடைசில 'அல்லன வெளிப்படை'ன்னு முடிச்சுருவாங்க. குறிப்பு இல்லாதது எல்லாம் வெளிப்படை, அவ்வளவு சுருக்கம்.

ட்ரூயிசம் விஷயத்துக்கு வர்றேன். வெள்ளிடைமலை அதுக்கு சரியான ஜோடி இல்லீங்க. ட்ரூயிசம்னா உண்மைதான், ஆனா சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லாத உண்மை, சொன்னவர கொஞ்சம் நக்கல் அடிக்கற வாடை அதுல இருக்கு. பிரெஞ்சுக்காரங்க இதுக்குன்னே ஒரு ஆளோட பேர வெச்சிருக்காங்க, லா பாலிஸ்னு ஒரு தளபதி, 1525-ல பாவியா போர்ல செத்தவர், அவர பத்தி வந்த பாட்டுல 'சாகறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி வரைக்கும் உயிரோடதான் இருந்தார்'னு ஒரு வரி, அதுலேந்து இந்த மாதிரி பேச்சுக்கே லாபாலிசாத்னு பேராயிருச்சு. பாவம், அவர் பண்ணுன தப்பு எதுவும் இல்ல.

நம்மகிட்ட அதுக்கு நேரான எழுத்து வார்த்தை இல்ல, ஆனா நக்கலுக்கு பஞ்சமே இல்லையே. யாராச்சும் 'உழைச்சா முன்னேறலாம்'னு மைக்க புடிச்சு அரை மணி நேரம் பேசுனா, பின்னாடி பெஞ்சுலேந்து ஒருத்தன் 'கண்டுபிடிச்சிட்டார்ரா'ம்பான். அந்த ஒத்தச் சொல்லுதான் நம்ம ஊரு ட்ரூயிசம். எழுத்துல வேணும்னா 'சொல்லாமலே விளங்குவது'ன்னு போடுங்க, இல்ல 'எல்லோரும் அறிந்ததே'ன்னு போடுங்க. வெள்ளிடைமலைல அந்த நக்கல் கெடயாது, அது ரொம்ப சீரியசான வார்த்தை.

கணக்குல வர்ற ஆக்சியமும், அதாவது நிரூபிக்காமலே ஒத்துக்கற அடிப்படையும், இது இல்ல. 'முழுசு அதோட பகுதிய விட பெருசு'ன்னு 2300 வருசத்துக்கு முன்னாடி யூக்ளிட் எழுதி வெச்சார், வெள்ளிடைமலை மாதிரிதான் தெரியும். ஆனா 1, 2, 3, 4ன்னு எண்ணிட்டே போற எண்ணுங்களையும், அதுல பகுதியா இருக்கற 1, 4, 9, 16ங்கற வர்க்க எண்ணுங்களையும் ஒன்னுக்கு ஒன்னு ஜோடி சேத்துகிட்டே போகலாம், எந்தப் பக்கமும் மிச்சம் நிக்காதுன்னு 1638-ல கலிலியோ காட்டுனார். முடிவில்லாத எடத்துல பகுதி பெருசா முழுசு பெருசாங்கற கேள்வியே ஆடிப் போயிருது. அதனாலதான் இப்ப ஆக்சியத்த 'தெளிவா தெரியற உண்மை'ன்னு சொல்லறத விட 'இத ஒத்துக்கிட்டு ஆரம்பிப்போம்'னு சொல்றது. பாப்பாவுக்கு இது இப்ப வேணாம், அப்பாவுக்கு சொன்னேன்.

எனக்கு ரொம்ப பிடிச்சது வேற ஒன்னு. மணிமேகலைல 29-வது காதைல தர்க்கம் சொல்லித்தர்ற எடம் வருது. அங்கயும் உதாரணம் மலைதான். இம்மலை நெருப்புடைத்து, ஏன்னா புகையுடைத்து, எது மாதிரின்னா அடுக்களை மாதிரி. அடுக்களைங்கற அந்த ஒத்தச் சொல்லுல எங்கம்மா வெறகடுப்பு முன்னாடி உக்காந்திருக்கறதே தெரியும் எனக்கு. நெருப்பு இல்லாத எடத்துல புகையும் இருக்காதுங்கறதுக்கு புனல உதாரணம் சொல்றாங்க, தண்ணி.

இத சேலத்துல படிக்கறது ஒரு தனி சொகம். மாசி பங்குனில மழை இல்லாம காஞ்சு கெடக்கும்போது சேர்வராயன் அடிவாரத்துல காட்டுத்தீ புடிக்கும், பகல்ல டவுன்ல நின்னு பாத்தா சரிவுல புகை மட்டும் ஏறும், நெருப்பு தெரியாது, ராத்திரி ஆனா மலைக்கு செவப்பு மாலை போட்ட மாதிரி ஒரு கோடு. பகல்ல 'மலைல தீ'ன்னு சொல்றவன் தீய பாத்து சொல்லல, புகைய பாத்து நெனச்சு சொல்றான். மலை வெள்ளிடைமலை. தீ வெள்ளிடைமலை இல்ல, அது அனுமானம், கருதல். ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கு. மனுவுல வர்ற வெள்ளிடைமலைங்க பத்துல எட்டு இந்த ஜாதி, புகைய பாத்துட்டு மலைன்னு எழுதறது. அந்த சுமைதாங்கிக் கல்லும் புகைதான். கல்லு இருக்கு, அதனால ஆளு போயிருக்கணும். நல்ல வலுவான அனுமானம், ஆனா அனுமானந்தான்.

இதுலயும் ஏமாறலாம். எங்கக்காவ ஏற்காட்டுல கட்டிக் குடுத்திருக்கு, இருவது கொண்டை ஊசி வளைவு தாண்டி போகணும், மார்கழில காலைல ஏரிப் பக்கம் போனா தண்ணி மேலேந்து ஆவி கெளம்பி புகை மாதிரியே படரும். தர்க்க சாஸ்திரத்துல பனிய புகைன்னு நெனச்சு நெருப்ப தேடறவன் கதை ஒரு பழைய உதாரணம், அத நேர்ல பாக்கணும்னா அங்க போங்க.

அக்கா வீட்டுல இன்னொன்னும் கவனிச்சிருக்கேன். லேடீஸ் சீட்னு ஏற்காட்டுல மலை மேலேந்து கீழ பாக்கற எடம் ஒன்னு இருக்கு, அங்க போயி நின்னா ராத்திரில சேலம் டவுன் லைட்டு பூரா வைரம் கொட்டுன மாதிரி தெரியும், ஜருகுமலை வரைக்கும் மங்கலா தெரியும். சேர்வராயன் மலை மட்டும் தெரியாது. எப்படி தெரியும், அதும்மேலதான நிக்கறோம். அக்கா பசங்க சின்னதா இருக்கும்போது சேலத்துக்கு வந்தப்ப எங்க மாடிலேந்து 'மாமா, அது என்ன மலை'ன்னு கேட்டாங்க. உங்க ஊருதான்டான்னேன். நம்பவே இல்ல. 'எங்க ஊர்ல மலையே இல்ல, மேடுதான் இருக்கு'ன்னு சின்னவன் சொன்னான்.

சரி, பாப்பாவுக்கு. அடுத்த தடவ இப்படி எழுத சொல்லுங்க: 'ஏரிகளைத் தூர் வாராமல் விட்டதே தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் காரணம் என்பது வெள்ளிடைமலை.' இல்லன்னா, 'நெகிழிக் குப்பையால் மலைக்காடுகள் பாழாவது வெள்ளிடைமலை போல் விளங்கினாலும் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை.' ரெண்டாவதுல யாரோ கண்ண மூடிக்கிட்டு இருக்காங்கங்கறதும் வந்துருது பாருங்க, அதனால அது மொதல் வாக்கியத்த விட நல்லா ஒக்காருது. சேர்வராயன விட மனசு வரலன்னா, 'எங்கள் மாடியில் இருந்து சேர்வராயன் தெரிவது போல, அவன் சொன்னது பொய் என்பது வெள்ளிடைமலையாகத் தெரிந்தது'ன்னு எழுதட்டும், மலையும் இருக்கும் உவமையும் இருக்கும்.

அந்தப் பழைய பேப்பர எடுத்துகிட்டு டீச்சர போயி பாக்கறதுன்னா தாராளமா போங்க, ஆனா சண்டைக்கு போகாதீங்க. 'நேரடிப் பொருள்ல புள்ள சரியாத்தான் எழுதிருக்கு, உவமைன்னு அதுக்கு தெரியல'ன்னு பதமா சொல்லுங்க. அரை மார்க்கு கெடச்சாலும் கெடைக்கும். பேசும்போது 'என் பொண்ணு எழுதுனது சரின்றது வெள்ளிடைமலை'ன்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க.